இருபதடி அறை

அந்தக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் மூன்று பேங்க் இருந்தன. ஒன்று செருப்புக்கடையாகி, அதுவும் போய் இப்போது செல்போன் கடை. இன்னொன்று பூட்டிக் கிடக்கிறது. மூலையில் இருந்த மூன்றாவது, போன வருடக் கடைசியில் காலி செய்துகொண்டு போனதும், அந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தவள் டாக்டரம்மா.

டாக்டரம்மா என்றால் டாக்டர் இல்லை. கண் பரிசோதனைக்குப் படித்து, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். "நான் டாக்டர் இல்லைங்க" என்று பதினைந்து வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "சரிங்க டாக்டரம்மா" என்றுதான் பதில் வரும். அவளும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அதுவரை அவள் கடை பக்கத்துச் சந்தில், ஒரு தையல்கடை மாடியில் இருந்தது. கண் பார்க்கும் அறை பத்தே அடி. எழுத்து அட்டை கண்ணிலிருந்து இருபதடி தள்ளி இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. பத்தடி அறையில் இருபதடிக்கு எங்கே போவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பி அச்சடித்த அட்டையை நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே மாட்டிவிட்டு, எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி வைப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் அந்தக் கண்ணாடியில் தெரியும் அட்டையைப் படிப்பார். போக பத்தடி, வர பத்தடி. ஆயிற்றா இருபது?

பேங்க் ஹாலில் அந்தக் கஞ்சத்தனம் தேவையே இல்லை. அவ்வளவு நீளம். கவுண்டர்கள் இருந்த தடம் தரையில் இன்னும் தெரிந்தது. பாஸ்புக்கும் கையுமாக வந்து நிற்பவர்களுக்கு, பேங்க் போய்விட்டது என்று தினம் நாலு தடவையாவது சொல்ல வேண்டியிருந்தது. இரும்புக் கதவு போட்ட பெட்டக அறையில் ஃப்ரேம்களை அடுக்கினார்கள். "இவ்வளவு பாதுகாப்பா மூக்குக்கண்ணாடி விக்கிற கடை உலகத்துலேயே நம்ம ஒண்ணுதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார் அவள் வீட்டுக்காரர்.

தச்சர் வந்து, கண் பார்க்கும் அறைக்கு எத்தனை அடியில் தடுப்பு வைப்பது என்று கேட்டார். "இருபதடி. ஒரு அங்குலம் குறையக் கூடாது" என்றாள் அவள். ஆண்டுக்கணக்கான ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது. சாமான்களைக் கொண்டுவந்து மாட்டியவர் வீட்டுக்காரர். பழைய அறையில் எது எங்கே இருந்ததோ அது அப்படியே இங்கும் இருக்க வேண்டும் என்று படம் பிடித்து வைத்துக்கொண்டு மாட்டினார். அவ்வளவு பொறுப்பான மனுஷர்.

கடை திறந்த முதல் வாரம் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்களில் பலருக்குச் சொல்லி வைத்தாற்போல அட்டையின் கடைசி வரிகள் தெரியவில்லை. எந்த லென்ஸைப் போட்டுப் பார்த்தாலும் பிடிபடவில்லை. லென்ஸுக்கு அடங்காத குறை என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். பெரிய கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஒன்பது நாளில் பதினோரு சீட்டு.

"ஏம்மா, ஊருக்கே கண்ணு போச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"நாள் பூரா போனையே முறைச்சுப் பாத்தா வேற என்னங்க ஆகும்?" என்றாள் அவள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் கேஷியர். இதே ஹாலில், இப்போது மூக்குக்கண்ணாடி அலமாரி நிற்கும் இடத்தில், பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். கிளையை மூடியபோது, வேறு ஊருக்குப் போ அல்லது வீட்டுக்குப் போ என்றார்கள். படுத்த படுக்கையாக மனைவி இருக்கும்போது வேறு ஊருக்கு எப்படிப் போவது? வீட்டுக்குப் போனார். ஐந்து மாதம் அலைந்து, ஒரு பள்ளிக்கூட வேன் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. கண் பரிசோதனைச் சீட்டு ஒன்று மட்டும் பாக்கி. வேறு எங்கே போவார்? ஆரம்பத்திலிருந்தே அவர் கண்ணைப் பார்ப்பவள் டாக்டரம்மாதான்.

கடைசி மூன்று வரி அவருக்கு வரவில்லை. அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, 'வண்டி ஓட்டத் தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழந்தைகள் ஏறுகிற வண்டியாயிற்றே.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதே இடத்துல ரெண்டாவது தடவை வேலை போகுது" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "என்னம்மா, நீங்க அனுப்பினவங்க நாலு பேரைப் பாத்துட்டேன். நாலு பேரும் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறாங்க. என்ன நடக்குது அங்க?" என்றார் டாக்டர். இவர் நிஜ டாக்டர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்துவிட்டு, புது அறைக்கு வந்த பிறகு முதல் முறையாகத் தானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டை அவளுக்கு மனப்பாடம் என்பதால், அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று இதுவரை தோன்றவே இல்லை. மனப்பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். கடைசி வரிகள் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன.

"ஏங்க, டேப் எடுத்துட்டு வாங்க. இந்த அறையை அளங்க."

அளந்தார். "கரெக்டா இருபது! நான் மாட்டினா தப்பா இருக்குமா?"

அவள் எதிரே பார்த்தாள். நிலைக்கண்ணாடியில், எங்கோ தூரத்தில், குட்டியாக ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போக இருபது. வர இருபது.

"அடக் கடவுளே! கண்ணாடியை எதுக்குங்க மாட்டினீங்க?"

"எப்பவும் இருக்குமேன்னு மாட்டினேன்" என்றார் அவர். பாவம், அவரைச் சொல்லி என்ன? ஒன்பது நாளும் அந்தக் கண்ணாடிக்கு எதிரே நின்று வேலை பார்த்தவள் அவள்தானே. எல்லாரையும் நாற்பதடி தள்ளி உட்கார வைத்துவிட்டு, தெரியவில்லை என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறாள்.

அன்று சனிக்கிழமை, கடை நிறைய ஆள். "இன்னைக்கு இல்லைங்க, மன்னிச்சுக்குங்க" என்று கதவைச் சாத்தினாள். எதிர்ச்சாரியில் புதிதாக வந்திருந்த பெரிய கம்பெனியின் மூக்குக்கண்ணாடிக் கடை பளபளவென்று திறந்திருந்தது. போகிறவர்கள் போகட்டும் என்று கேஷியரைப் போனில் கூப்பிட்டாள். அவர் வேன் கம்பெனி ஆபீஸில்தான் இருந்தார். கொடுத்த யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாராம்.

"அங்கேயே இருங்க சார். நகராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஆபீஸில் மேனேஜர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "முந்தாநாள் ஆகாதுன்னு எழுதினீங்க. இன்னைக்கு ஆகும்ங்கறீங்க. ரெண்டும் நீங்க சொல்றதுதான். பிள்ளைங்க போற வண்டி. நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. "என்னை நம்ப வேண்டாங்க. தப்பு என்னோடது, அவர் கண்ணோடது இல்லை. அதை மட்டும் நம்புங்க" என்றாள்.

மேனேஜர் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே, நீள முற்றத்தில் வேன்கள் வரிசையாக நின்றன. "சார், இங்க வாங்க. கடைசி வண்டியோட நம்பர் தெரியுதா?"

கேஷியர் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார். பிறகு, திரும்பி டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க? வண்டியைப் பாருங்க."

"இல்லம்மா..." என்று தயங்கினார். "எனக்கு அன்னைக்கும் தெரிஞ்சுது. உங்க கடையை விட்டு வெளிய வந்ததும் எதிர்க்கடை போர்டு, பஸ் நம்பர் எல்லாம் தெரிஞ்சுது. ஆனா நீங்க தெரியலைன்னு எழுதிட்டீங்களே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத் தெரியறமாதிரி தோணுது போலன்னு விட்டுட்டேன்."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"உங்களுக்குத் தெரியறதைச் சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் நம்பரைச் சொன்னார். அதன் கீழே பம்பர் நெளிந்திருப்பதையும் சொன்னார். மேனேஜர் அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு நம்பரே தெரியவில்லை. கீழே ஒரு டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டு, இரண்டும் சரிதான் என்று தெரிந்துகொண்டார்.

"யூனிஃபார்மை நீங்களே வச்சுக்குங்க. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி சீட்டோட வாங்க. அதுவரைக்கும் வேற யாரையும் எடுக்க மாட்டேன்."

"நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் டாக்டரம்மா. கேஷியர் யூனிஃபார்ம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, படியில் அவளுக்கு முன்னால் இறங்கினார். அவள் கைப்பையிலிருந்து மற்ற பத்துப் பேரின் முகவரியையும் எடுத்து, எந்த வீடு பக்கம் என்று பார்த்தாள்.