பாஸ்ல இருக்குப்பா

சுவிட்சின் மேல் அந்த விரல், நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்த வலது ஆள்காட்டி விரல், அழுத்தவில்லை, சும்மா மேலே வைத்திருக்கிறது, வைத்திருந்தால் என்ன, அழுத்தினால் என்ன, தமயந்திக்கு இரண்டும் ஒன்றுதான், அந்த விரலைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும், நாற்பத்திரண்டு வயதில், தலை முழுக எண்ணெய் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளின் கேம் மெஷினுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், டிவியில் கடைசிக் கட்டத்து அரக்கன் வாயைப் பிளந்து நெருப்பைத் துப்புகிறான், ஒரு கண்ணை அரக்கன் மேலும் இன்னொரு கண்ணை அப்பாவின் விரல் மேலும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித்தான் ஜெயிப்பதாம்? நாலு மணிக்கு யாழினி வயர்களைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்து பெங்களூருக்குக் கொண்டு போய்விடுவாள், அங்கே வேலை கிடைத்துவிட்டது, அம்மா, நாலு மணி வரைக்கும்தான் உனக்கு டைம், அதுக்குள்ள முடிச்சா உண்டு, இல்லன்னா இல்ல என்று சொல்லிவிட்டு உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், மணி மூன்றேகால் ஆகிறது, வாழ்க்கையில் ஒரே ஒரு கேமையாவது கடைசி வரை ஆடி முடித்து, முடிவில் என்னதான் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும், முப்பது வருஷமாக அவள் பார்த்ததே இல்லை, பார்க்க விட்டால்தானே.

இதே விரல்தான், அப்போது அதற்குப் பின்னால் காக்கிச் சட்டை இருந்தது, நிலக்கரித் தூசியின் வாசனை இருந்தது, அனல்மின் நிலையத்துக் கன்ட்ரோல் ரூமில் அப்பாவுக்கு வேலை, ஊருக்கே கரண்டு அனுப்புகிற மனிதர், வீட்டில் ஒரு குண்டு பல்பு அனாவசியமாக எரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது, ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ கரி எரியுதுடி, எவன் வெட்டி எடுக்குறான்னு தெரியுமா என்று கேட்டுக்கொண்டே அறை அறையாகப் போய்ப் பட் பட்டென்று அணைத்துவிட்டு வருவார், ஆள் இல்லாத அறையில் எது ஓடினாலும் அது அவருக்கு எதிரி. தமயந்திக்குப் பன்னிரண்டு வயது, குவார்ட்டர்ஸ் வீட்டின் கருப்பு வெள்ளை டிவியில் மஞ்சள் கேசட்டைச் சொருகி, ஓடவில்லை என்றால் எடுத்து வாயால் ஊதி, மறுபடி சொருகி, மீசைக்காரன் கேம், அதன் உண்மையான பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, மீசை வைத்த குள்ளன் ஒருவன் காளான் தின்று பெரியவனாகிக் கோட்டை கோட்டையாகத் தாவுவான், எட்டாவது கோட்டையில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள், நீயே போய்ப் பாரு என்பார்கள், அந்தக் கேசட்டில் சேவ் கிடையாது, ஒரே மூச்சில் ஆட வேண்டும், அன்றைக்கு அவள் எட்டாவது கோட்டையின் வாசலுக்கே போய்விட்டாள், சத்தியமாகப் போய்விட்டாள், அப்போது பார்த்துத் தண்ணி வந்துடுச்சு, குடத்த எடு என்று அம்மாவின் குரல், நிறுத்திவைக்கிற பட்டனைத் தட்டிவிட்டு ஓடினாள், தட்டினால் திரையில் PAUSE என்று ஓர் ஆங்கிலச் சொல் வரும், பிள்ளைகள் அதைப் பாஸ் என்றுதான் சொல்வார்கள், பரீட்சையில் வருகிற பாஸும் அதே பாஸ்தான் அவர்கள் வாயில். குழாயடியிலிருந்து திரும்பிப் பார்க்கிறாள், ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா சுவிட்ச் பக்கத்தில், ஆளே இல்ல, டிவி மட்டும் எதுக்கு ஓடுது, ஐயோ அணைக்காதீங்கப்பா, பாஸ்ல இருக்கு! அப்பாவின் முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும், பாஸாயிட்டியா, கெட்டிக்காரி, அப்பறம் என்னா, முடிஞ்சிது இல்ல என்று சொல்லிப் பட்டென்று அணைத்தார், அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், பொண்ணு பாஸ் பண்ணிட்டாளாம் என்று பெருமையாக வேறு சொன்னார், இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது, அவள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள், எதற்கு அழுகிறாள் என்று கடைசி வரை அவருக்குப் புரியவே இல்லை.

குடம் உருளுகிற சத்தம் நிற்பதற்குள் சுவர் நிறம் மாறிவிடுகிறது, கருப்புச் சுவிட்சுகள் வெள்ளையாகிவிட்டன, அவளுக்குப் பதினெட்டு வயது, சிங்கப்பூர் மாமா கொடுத்தனுப்பிய சிடி மெஷின், ஊதத் தேவையில்லை, சிடியைத் தாவணி முனையில் துடைத்தால் போதும், வாள் பிடித்த ஒரு பெண், தலை நரைத்தவள், குகை குகையாக இறங்கிப் போகிறாள், அவள் பேசுவது முழுக்க ஜப்பான் பாஷை, ஒரு அட்சரம் புரியாது, தம்பியைத் தேடிப் போகிறாள் என்று தமயந்தியே ஒரு கதையைக் கட்டிக்கொண்டாள், கல்லூரியில் இயற்பியல் வகுப்பு விட்டு வந்து தினம் ஒரு மணி நேரம், இப்போது சேவ் உண்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கார்டு, சேவ் ஆகிறபோது மட்டும் மெஷினை அணைக்கக் கூடாது, மூன்றே விநாடிதான், அந்த மூன்று விநாடியைத் தேடிப் பிடித்து வந்தது அந்த விரல், கார்டு மொத்தமும் காலி, நரைத்த தலைக்காரி முதல் குகை வாசலில் ஒன்றும் தெரியாதவள் போல நிற்கிறாள். நிறுத்தினா என்னா, அப்பறம் ஆடிக்கலாம் என்றார் அப்பா, அதே வார்த்தையைத்தான் கல்லூரிக் கடைசி செமஸ்டரிலும் சொன்னார், நல்ல இடம், மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, பங்குனியில் கல்யாணம், சித்திரையில் பரீட்சை, நிறுத்தினா என்னா, அப்பறம் எழுதிக்கலாம், மூன்றே பேப்பர், இருபத்திரண்டு வருஷமாக அந்த அப்பறம் வந்தபாடில்லை, புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டியது யார், இவளா, அந்தப் பிளந்த நகமா, நினைத்துப் பார்த்தால் சணலை இழுத்து முடிச்சுப் போடுகிற அந்த விரல் மட்டும்தான் தெரிகிறது.

பிறகு துபாயிலிருந்து வந்த கைக்குள் அடங்குகிற மெஷின், யாழினியை மடியில் தூங்கவைத்துக்கொண்டே ஆடலாம், செங்கல் அடுக்குவாள், மீன் பிடிப்பாள், முப்பதாவது குளத்தில் தங்க மீன் இருக்கிறது என்றார்கள், இருபத்தொன்பதாவது குளத்தில் சார்ஜ் தீர்ந்துபோய் அணைந்துவிட்டது, சார்ஜரில்தானே போட்டிருந்தாள், போட்டிருந்தாள், பேத்தியைப் பார்க்க வந்திருந்த அப்பா சுவிட்சை அணைத்துவிட்டிருந்தார், சும்மா கெடக்குற பிளக்குக்கு எதுக்குக் கரண்டு.

அம்மா போன பிறகு அப்பா இங்கேயே வந்துவிட்டார், எழுபத்தாறு வயது, முட்டி வலி, ஆனால் விரலுக்கு ஒரு குறையும் இல்லை, இன்று காலையிலும் அதுதான் நடந்தது, இதே அரக்கன், பாதி உயிர் போய்த் தள்ளாடிக்கொண்டிருந்தான், குக்கர் மூன்றாவது விசில் விட்டது, பட்டனைத் தட்டிவிட்டு அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்புகிறாள், டிவி இருட்டாக இருக்கிறது, அப்பா மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருக்கிறார். அவளுக்கு என்ன வந்ததோ, முப்பது வருஷமும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டது, உனக்கு வேற வேலையே இல்லியா, என் உசுர வாங்கறதுக்குன்னே இருக்கியா நீ? நீ. அப்பாவை அவள் நீ என்று சொன்னதே இல்லை, அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, யாழினி அறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அப்பா பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார், தட்டில் வைத்த இட்லி அப்படியே காய்ந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வரவேண்டாமே, அவள் என்ன பொய்யா சொன்னாள், அவள் சொன்னது தப்பென்றால் அவர் செய்தது மட்டும் சரியா, இருந்தாலும் அந்த நீ வாயிலேயே கசந்துகொண்டு கிடக்கிறது, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இப்போது சத்தமில்லாமல் எழுந்து வந்து சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார், பழிவாங்கத்தான், வேறெதற்கு, அணைக்கட்டும், அணைத்துத் தொலைக்கட்டும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறாள், இடது பக்கம் உருண்டு, குதித்து, வாலை வெட்டி, அரக்கன் மண்டியிடுகிறான், இன்னும் ஒரே ஒரு வெட்டு, கடவுளே, கரண்டு இருக்கிறது, குக்கர் கத்தவில்லை, யாரும் கூப்பிடவில்லை, வெட்டு என்று கட்டைவிரல் அழுத்தியது பக்கத்துப் பட்டனை, குதித்தாள், குதித்துப் போய் நெருப்பின் நடுவிலேயே விழுந்தாள், திரை மெல்லச் சிவந்து கறுத்தது.

அவள் உடனே சுவிட்சைத்தான் பார்த்தாள், பழக்கம். விரல் அழுத்தியிருக்கவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, தோற்றது அவளேதான், இத்தனை வருஷமாக அந்த விரல் மேல் சுமத்திவைத்ததில் எத்தனை கோட்டையை அவளாகவே கோட்டைவிட்டிருப்பாளோ, அதை நினைக்க இன்னும் எரிச்சலாக இருந்தது, ரிமோட்டைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது.

பாஸாயிட்டியாம்மா, அப்பா கேட்கிறார். இல்லப்பா, ஃபெயிலு. நீங்க எதுக்கு அங்க நிக்கிறீங்க, முட்டி வலிக்காதா? அந்தப் புள்ள துணி தேய்க்கணும்னு ரெண்டு தடவ அயன் பாக்ஸ தூக்கிட்டு வந்துச்சு, இந்த பிளக்க உருவிடுமோன்னுதான், யாரும் கைவைக்கக் கூடாதுன்னு நான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன் என்கிறார், கன்ட்ரோல் ரூமில் நின்ற அதே நிமிர்ந்த நிற்பு, மூணேமுக்கால் ஆச்சுப்பா என்கிறாள், ஆவட்டும், அந்தப் புள்ள நாலரைக்குப் போவட்டும், நீ திரும்ப எழுது.

எழுது என்றுதான் சொன்னார், ஆடு என்று சொல்லவில்லை, திருத்திக்கொள்ளவும் இல்லை, கேமைச் சொல்கிறாரா, அந்த மூன்று பேப்பரைச் சொல்கிறாரா என்று தமயந்தி அவர் முகத்தைப் பார்க்கிறாள், அவர் அவளைப் பார்க்கவில்லை, சுவிட்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னாப்பா என்று அவள் கத்துகிறாள், நிஜமாகவே கத்துகிறாள், கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, பிளந்த நகத்து விரல் மட்டும் நடுங்காமல், அணையாமல் பார்த்துக்கொண்டு, சுவிட்சின் மேல் இருக்கிறது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.