முக்கோணம் போட்ட புத்தகங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புத்தகங்களுக்கு முகம் கிடையாது. பத்துப் பேர் கை மாறியதும் அட்டை கழன்றுவிடும். பைண்டிங்குக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது எல்லாம் ஒரே பழுப்பு அட்டை, முதுகில் மையால் எழுதிய எண். கல்யாண மண்டபத்து வாசலில் கிடக்கும் செருப்புகளைப் போல, எது நமக்குத் தெரிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. படித்ததையே மறுபடி எடுத்துப்போய், இருபது பக்கம் தாண்டிய பிறகு தலையில் அடித்துக்கொள்ளாத வாசகர் கும்மிடிப்பூண்டியில் யாரும் இல்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு குறி. என் கம்பெனி டோக்கன் எண் நாற்பத்தேழு. எனவே நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் இரண்டு புள்ளி வைப்பேன். தபால்காரர் பீட்டர் பன்னிரண்டாம் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார். பழைய நூலகர் பரசுராமன் சார், நூல்களில் கிறுக்கக் கூடாது என்று பலகையே மாட்டியிருந்தார். அவருடைய குறி முப்பதாம் பக்கத்தில் இருந்தது. சின்னதாக ஒரு 'ப'.

இத்தனை குறிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காமல் திரிந்தது. ஒரு முக்கோணம். அதற்கென்று ஒரு பக்கம் கிடையாது. ஒரு புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கம், இன்னொன்றில் நூற்று நாற்பது, வேறொன்றில் இருநூற்று மூன்று. அந்த முக்கோணத்தை நம்பித்தான் இருபது வருடம் நான் புத்தகம் எடுத்தேன். அதைப் போட்டவரை ஒருமுறை நேரில் பார்த்து, 'நல்லா இருங்க' என்று சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

நான் ஏஞ்சலின். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷன். வயது ஐம்பத்திரண்டு, வாய் அதைவிடக் கொஞ்சம் பெரியது என்று என் வீட்டுக்காரர் ஸ்டீபன் சொல்வார். இரண்டாயிரத்து நான்கில் ஸ்டீபனின் வலது கை மெஷினில் சிக்கியது. இரண்டு விரல் போயிற்று. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அங்கே உட்கார்ந்திருக்க ஏதாவது வேண்டுமே என்று கையில் கிடைத்த ஒரு பழுப்பு அட்டையை எடுத்துப்போனேன். மீனவக் குடும்பத்துக் கதை. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. கரையில் நிற்கிற பெண்டாட்டி, கொடியில் காயும் அவன் சட்டையின் பொத்தான்களை எண்ணுகிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில், நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், முக்கோணம்.

எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். புருஷன் கட்டுப்போட்ட கையோடு கிடக்கும்போது படிக்கிற கதையா அது? மறுநாள் நானே குனிந்து எடுத்தேன். யாரோ ஒருவர் இந்த வரியில் நின்று குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவர் தாண்டிப் போனதை நாமும் தாண்டலாம் என்று ஒரு தைரியம். முடித்தேன். நன்றாக அழுதேன். அழுத பிறகு முகம் கழுவிக்கொண்டு, இனி இடது கையால் சாப்பிடப் பழகுங்கள் என்று ஸ்டீபனிடம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு முக்கோணம் இல்லாத புத்தகத்தை நான் சீண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வார லீவு. பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேரே நூலகம். அலமாரி முன்னால் நின்று பக்கங்களைச் சரசரவென்று தள்ளுவேன். முக்கோணம் கண்ணில் பட்டால் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, அம்மா போய்ச் சேர்ந்தது, மகள் பிரின்சிக்குக் கல்யாணம் ஆனது என்று என் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு முக்கோணப் புத்தகம் ஞாபகம் இருக்கிறது. குறி இருக்கும் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படிப்பேன். அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். படித்த மனுஷன், மென்மையானவர், ஒருவேளை ஓய்வுபெற்ற வாத்தியார் என்று ஒரு உருவமும் கொடுத்திருந்தேன்.

நூலகத்தில் எனக்குப் பிடிக்காத ஓர் ஆளும் உண்டு. ஆதிகேசவன். பக்கத்துக் கிராமம், ஆறு ஏக்கர் நஞ்சை. பழைய மொபெட்டில் வந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பேப்பரை மடியிலும் இன்னொன்றைத் தொடைக்கு அடியிலும் வைத்துக்கொள்வார். பல வருடம் முன்பு நான் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு வாரப் பத்திரிகை படித்தேன். இது இன்னா சினிமா கொட்டாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எச்சில் தொட்டுப் பேப்பர் புரட்டுகிறவங்க எனக்குச் சுத்தம் சொல்ல வேண்டாம் என்று நானும் கொடுத்தேன். அன்றோடு பேச்சு நின்றது. என் அம்மா ரோசம்மாளின் முதுகு வளைந்தது அவரைப் போன்றவர்களின் நிலத்தில் நாற்று நட்டுத்தான். அதனால் அவர் யாரையாவது 'யம்மா' என்று கூப்பிட்டால்கூட எனக்கு அதில் ஓர் அதட்டல் கேட்கும். அவர் புத்தகம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. பேப்பருக்கு வருகிற ஆள் என்று ஒதுக்கிவிட்டேன்.

போன வருடம் இளமதி நூலகராக வந்தாள். வேப்பம்பட்டில் வீடு, இரண்டு ரயில் மாறி வருகிற பெண். ஆனால் களைப்பே கிடையாது. ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குக் கதை நேரம், போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தனி மேஜை, நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் என்று ஒன்று மாற்றி ஒன்று ஆரம்பித்தாள். புதுக் கட்டடமும் தயாரானது. நவம்பரில் நூலக வார விழா முடிந்ததும் இடம் மாறுவது, மாறும்போது கிழிந்த பழைய புத்தகங்களைக் கழித்துவிடுவது என்று முடிவாயிற்று.

முக்கோணங்கள் இருப்பதெல்லாம் பழைய புத்தகங்களில்தான். அவை போய்விட்டால் அந்த மனிதரைத் தேட என் கையில் ஒன்றுமே இருக்காது. இளமதியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கண்களை விரித்துக் கேட்டுவிட்டு, விழாவில் நீங்களே மைக்கில் பேசுங்கக்கா என்றாள். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து, கழிக்க வைத்திருந்த குவியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளினோம். முப்பத்து நான்கு புத்தகங்கள் கிடைத்தன. அவற்றை வாசலில் ஒரு மேஜையில் அடுக்கி, 'ஒரு வாசகரின் பரிந்துரை' என்று அட்டையில் எழுதி வைத்தாள் இளமதி.

விழாவன்று வாசலில் சாமியானா. மகளிர் குழு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பீட்டர், பின்வரிசையில் பேப்பரோடு ஆதிகேசவன். மைக் ஒருமுறை ஊளையிட்டு அடங்கியது. எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். இந்த முக்கோணக்காரருக்கு என்ன ஒரு ரசனை என்று சொன்னேன். என்னை அவர் கைபிடித்துக் கூட்டிவந்தார், இங்கே இருந்தால் தயவுசெய்து எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

ஒருவரும் எழவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, திரும்பிப் பார்த்தால் தண்ணீர் குடிக்கப் போகிற பையன். கீழே இறங்கியதும் பீட்டர், அந்த ஆள் எப்பவோ மேலே டிக்கெட் வாங்கியிருப்பார் என்று விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. வீட்டுக்குப் போய் ஸ்டீபனிடம் சொல்லி அழுதேன். அவர் மூன்று விரல் கையால் என் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது அலமாரிகள் பாதி காலி. மேஜை மட்டும் உள்ளே நகர்ந்து, படிக்கும் அறையில் இருந்தது. அதன் முன்னால் ஆதிகேசவன் நின்றுகொண்டிருந்தார். என் மீனவக் கதை அவர் கையில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன்.

"அந்த முக்கோணம் நான் போட்டதுதான் யம்மா," என்றார்.

நம்பவில்லை. எச்சில் தொட்டுப் பேப்பர் புரட்டுகிற அந்த ஆளா? சட்டைப்பையிலிருந்து துண்டுப் பென்சிலை எடுத்து, பேப்பர் ஓரத்தில் ஒன்று வரைந்து காட்டினார். வலது பக்கக் கோடு கொஞ்சம் நீண்டு வெளியே வந்தது. இருபது வருடம் பார்த்த கோடு, எனக்குத் தெரியாதா?

"ஆனா நீ மைக்ல சொன்னது எல்லாம் தப்பு. நல்லா கீதுன்னு போட்ட குறி இல்ல அது. இதுக்கு மேல என்னால படிக்க முடியல, மறுபடி எடுத்துக்கினு போவாதேன்னு எனக்கு நானே போட்டுக்கினது."

மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்து நான்கு புத்தகங்கள். ஒருவர் பாதியில் மூடி வைத்ததையெல்லாம் நான் பொறுக்கி எடுத்து, ஆகா என்ன ரசனை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். முதலில் வெட்கம், அப்புறம் கோபம். ஏன் முடிக்கவில்லை என்று சண்டைக்குப் போகிற குரலில் கேட்டேன்.

அவர் நின்றபடியே சொன்னார். அவர் மனைவி குப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கழனி வேலை முடிந்து பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்தால் இவர்தான் படித்துக் காட்ட வேண்டும். நிறுத்தவே விடமாட்டாளாம். சோறு ஆறட்டும், அப்பறம் இன்னா ஆச்சு சொல்லு என்பாளாம். மூச்சு விட நிறுத்தினால்கூட 'அப்பறம்?' என்பாளாம். இரண்டாயிரத்து இரண்டில் ஒரு புத்தகத்தின் நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஆளில்லாத திங்கட்கிழமைகளில் வந்து புத்தகம் எடுத்துப் போயிருக்கிறார். ஆனால் கதையில் ஒருவர் படுத்துவிட்டாலோ காணாமல் போனாலோ அவருக்கு அதற்கு மேல் ஓடாதாம். அந்த இடத்தில் முக்கோணம் போட்டு மூடிவிடுவாராம்.

"பேப்பர்னா பேஜாரு இல்ல. யாரு செத்தாலும் நமக்குத் தெரியாத ஆளு," என்றார். பிறகு கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "நீ எல்லாத்தையும் முடிச்சிட்டியா?"

முடித்தேன் என்றேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. யார் தாண்டிப் போனார் என்று நம்பி நான் தைரியம் கொண்டேனோ, அவர் இருபது வருடமாக அந்தப் பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு முன்னால் அங்கே யாருமே போகவில்லை. நானாகத்தான் போயிருக்கிறேன்.

"கடலுக்குப் போனவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

வந்துவிட்டான் என்று சொல்ல வாய் துடித்தது. ஒரு பொய்தானே, எழுபத்தைந்து வயது மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டும். ஆனால் அந்தப் புத்தகம் ஆஸ்பத்திரியில் என்னிடம் பொய் சொல்லவில்லை.

"வரல," என்றேன். "ஒம்பது நாளு கரையிலயே உக்காந்திருந்தா. பத்தாவது நாளு அந்தச் சட்டையை மடிச்சி வச்சிட்டு, கருவாட்டுக் கடையைத் தொறந்தா. அவன் வலையையே கடைக்கு நிழலா கட்டினா."

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தில் வெகுநேரம் துடைத்தார். இளமதி மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபேனுக்குக் கீழே இருந்த தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கிடந்த பேப்பர்களை எடுத்துத் தரையில் வைத்தார். புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்பறம்?" என்றார்.

'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, நூற்றுப் பதினெட்டாம் பக்கத்திலிருந்து நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.