ஆறாவது கோப்பை

அந்த வீட்டு மருமகளுக்கு ஆபீசில் வைத்த பெயர் 'நாக்கு'. தேயிலை கம்பெனியில் ருசி பார்ப்பது அவள் வேலை. அவள் தலையை ஆட்டினால் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அந்த நாக்குக்கு ஆபீஸ்ல சம்பளம் தர்றாங்க, வீட்டுல நாங்க சும்மாவே வாங்கிக் கட்டிக்கிறோம்" என்று கணவன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிள் பொட்டலங்கள் வீட்டுக்கே வந்துவிடும். சமையல் மேடையில் ஆறு வெள்ளைக் கோப்பைகள், மூடி போட்ட ஆறு சின்னக் குடுவைகள், துப்புவதற்கு ஒரு வாளி. குடுவையில் இரண்டரை கிராம் இலை, கொதிநீர், ஆறு நிமிஷம். பிறகு கோப்பையில் வடித்து, கரண்டியில் மொண்டு சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்பிவிட்டு நோட்டில் ஒரு வரி எழுதுவாள்.

மாமனாருக்கு இந்தத் துப்பல் மட்டும் சகிக்காது. ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர், இதய நோய்க்காரர். "வாயில வச்சதைத் துப்புறதாவது!" என்று முணுமுணுத்தபடி, அவள் முடித்த கோப்பைகளை ஒவ்வொன்றாகக் குடித்துத் தீர்ப்பார். டாக்டர் அளவாகக் குடிக்கச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அவளும் தடுக்கவில்லை. தான் மிச்சம் விடுவதை ஒருவர் ரசித்துக் குடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்று ஆறாவது பொட்டலம், புதிய தோட்டக்காரர் ஒருவர் தபாலில் அனுப்பியது. கையால் சுருட்டிய இலை. 'வழவழப்பு, கசப்பில்லை' என்று எழுதினாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மாமனார்.

"நல்லா இருக்கு மாமா."

அதற்குள் போன் அடித்தது. மேனேஜரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தபோது மாமனார் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. குடுவையில் ஊறிய இலைகளைத் தட்டில் கொட்டி விரலால் பிரித்துப் பார்க்க வேண்டும். தேயிலையின் ஓரம் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும், தூக்கத்தில் தடவினாலும் அவள் விரலுக்குத் தெரியும். ஆறாவது குடுவையிலிருந்து மூன்று இலைகள் வேறு மாதிரி விரிந்தன. நீளமாக, தடிப்பாக, நடுவில் நேர் நரம்பு. ஓரத்தில் ஒரு பல் இல்லை.

அரளி. பறிக்கிற இடத்து வேலியிலிருந்து கூடையில் விழுந்திருக்க வேண்டும். இதயத்தையே நிறுத்திவிடுகிற விஷம்.

"மாமா, ஆறாவது கப்?"

"எல்லாம் காலி. நான் என்னைக்கு மிச்சம் வச்சிருக்கேன்?"

இலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு அவரை இழுத்துப்போய் டாக்சியில் ஏற்றினாள். வழியெல்லாம் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள், பயத்தில் எண்ணிக்கை பாதியிலேயே தப்பிப் போயிற்று. இலையை முதலில் பார்த்திருக்கலாம். போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். நல்லா இருக்கு என்று சொன்னது இந்தப் பாழாய்ப்போன நாக்குதானே!

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. லேசா வேர்க்குது, அவ்வளவுதான்" என்றார் அவர். அதைக் கேட்டதும் டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில், இலையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "எவ்வளவு? எவ்வளவு நேரம் ஊறுச்சு?"

"இரண்டரை கிராம், அதுல இது மூணு இலை. ஆறு நிமிஷம். அரைக் கப்."

நர்ஸ் விரல் தடிமனில் ஒரு குழாயைக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் மாமனார் வெளிறிப் போனார்.

"நான் குடிக்கவே இல்லம்மா. துப்பிட்டேன்."

"நீங்களா மாமா?"

"ஆமா, உன்னை மாதிரியே வாளியில. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

டாக்டரம்மா அவளை ஓரமாக அழைத்தாள். "முழுங்கியிருந்தா இப்பவே வயித்தைக் கழுவணும். முழுங்கலன்னா, இவர் இருக்கிற நிலைமைக்கு இதைப் பண்றதே ஆபத்து. எதை நம்புறது?"

அவர் துப்பியிருக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை! நம்பிவிட்டால் குழாய் வேண்டாம், இப்போதே வீட்டுக்குப் போகலாம். அவர் சொன்னது பொய்யென்றால்? கட்டிலருகே போய், ஆபீசில் கேட்கிற குரலை எப்படியோ வரவழைத்துக்கொண்டாள்.

"சரி மாமா. ருசி எப்படி? கசந்துச்சா?"

"வாயில ஒண்ணும் தெரியலம்மா. உள்ள இறங்கினப்புறம்தான் தொண்டையெல்லாம் ஒரே கச..."

நிறுத்திக்கொண்டார். டிக்கெட் இல்லாதவர்களை ஒரே கேள்வியில் மடக்கியவர், மருமகளின் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

"குடிச்சிருக்கார், டாக்டர். போடுங்க."

"பயமா இருக்கும்மா" என்றார் அவர், சின்னக் குரலில்.

"எனக்கும்தான் மாமா."

அதன் பிறகு அவளுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது, திரையில் அவருடைய இதயத் துடிப்பின் எண். நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. ஊசி மேல் ஊசி ஏறியது. முப்பத்தாறுக்குப் போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள், திறக்கவும் பயந்தாள். பொழுது சாயும்போது ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு நாள் இங்கேயே இருக்க வேண்டும், ஆனாலும் பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்றாள் டாக்டரம்மா.

மாமனார் கண்ணைத் திறந்தார். குழாய் போய்வந்த தொண்டை கரகரத்தது.

"வீட்டுல வாளி ஒண்ணுதானே இருக்கு?"

"ஆமா மாமா."

"எனக்கும் ஒண்ணு வாங்கிடு."

மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.