பின்சக்கரத்துக்கு ஒரு கல்

கார் சாவிக்காக நான் கையை நீட்டினேன். டீனா கொடுக்கவில்லை. "இன்னிக்கு நீங்க பக்கத்துல உக்காந்தா போதும்ண்ணா" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டாள். குடியரசு தினத்தோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. நானும் என் மனைவி தாரணியும் சேலத்திலிருந்து விவேக் நகருக்கு, டீனாவின் வீட்டுக்கு வந்திருந்தோம். அவள் கணவன் ஆண்ட்ரூவும் நானும் பொம்மசந்திராவில் பதினோரு வருஷம் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். நான் சேலத்துக்குத் திரும்பிய பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை நாலு பேருமாக எங்கேயாவது கிளம்பிவிடுவோம். ஆண்ட்ரூ ஓட்டுவான், அவனுக்குச் சலித்தால் நான். அவன் இறந்து இரண்டு வருஷமாகிறது. அவனுடைய சிவப்புக் கார் அன்றிலிருந்து தெருவில் நின்றபடியே கிடந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

"செவ்வாக்கெழம இந்த வண்டியப் பாக்க ஆளக் கூட்டிட்டு வர்றான் என் தம்பி. சும்மா நிறுத்தி வெச்சு துருப்பிடிக்குதாம். தேவராயனதுர்கா மலை ஏறி எறங்கிட்டா வண்டி எனக்கு, இல்லேன்னா வெலைக்குக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்" என்றாள் டீனா.

"லைசென்ஸ்?"

"நவம்பர்லயே வாங்கிட்டேன். யாருக்கும் சொல்லல." கண்ணாடியைச் சரிசெய்தாள். "கடைக்குப் போவணும், சர்ச்சுக்குப் போவணும், எதுக்குன்னாலும் யார்கிட்டயாவது கேட்டுக்கிட்டு நிக்கிறேன். போதும்ண்ணா."

அவள் ஓட்டிய அழகைச் சொல்லியே ஆகவேண்டும். தும்கூர் ரோட்டில் லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போகும்போது நான் கதவுக்கு மேலிருந்த பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளோ உதட்டைக் கடித்தபடி தன் பாதையை விட்டு ஒரு அடி நகரவில்லை. பின்னால் தாரணி, அவரைக்காய் உப்புமா இருந்த தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் வேர்க்குது, அவளுக்கு இல்ல" என்று என்னைச் சீண்டினாள். பெரிய ரோட்டை விட்டு விலகியதும் ஊரே மாறிவிட்டது. மாமரங்களில் பூ வந்திருந்தது. அடுக்கி வைத்ததுபோல் பாறைக் குன்றுகள். ஒரு கிராமத்தில் வண்டிகள் மிதித்துத் தரட்டும் என்று ரோட்டிலேயே கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். சறுக்குமே என்று நான் வாயைத் திறப்பதற்குள் டீனா வேகத்தைக் குறைத்து மெத்தைமேல் நடப்பதுபோல் அதைக் கடந்தாள். ஓரத்தில் நின்ற பெண் கையை ஆட்டினாள்.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவு நல்ல செங்குத்து. மேலிருந்து வந்த வேனுக்கு வழிவிட எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று. வேன் போனதும் டீனா கிளட்ச்சை விட்டாள். கார் குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினாள்; ஒரு முழம் பின்னால் உருண்டு மறுபடி அணைந்தது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னாலிருந்து ஹார்ன் காதைப் பிளந்தது. நாலைந்து ஆண்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பைக்கிலிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஸார், நீவே ஓட்ஸி" என்று கன்னடத்தில் என்னையே ஓட்டச் சொன்னார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. இருபது வருஷமாக ஓட்டுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது இவள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? இறங்கிச் சுற்றிப் போய் அவள் கதவில் கை வைத்தேன். உள்ளே 'டக்' என்று பூட்டு விழுந்தது.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. டீனா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் ஆடவில்லை.

"அண்ணா, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு வைங்க. அது போதும்."

கல்லைத் தேடி எடுத்து வைத்தேன். முதல் தடவை வண்டி அணைந்து கல்மேல் சாய்ந்தது. யாரோ சிரித்தார்கள், எனக்குக் கோபம் வந்தது, அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி. இரண்டாவது தடவை அவள் அவசரப்படவில்லை. என்ஜின் சத்தம் மெல்ல ஏறியது, கிளட்ச் தீய்ந்த நாற்றம் வந்தது, காரின் மூக்கு லேசாகத் தூக்கியது. பிறகு சக்கரம் கல்லை விட்டு விலகி மேலே ஏறியது. ஏறியது ஏறியதுதான், நிற்கவேயில்லை. வளைவில் அழகாக ஹார்ன் அடித்து, என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போயே போய்விட்டாள். கல்லை உருட்டி ஓரமாகப் போட்டேன். "பன்னி ஸார்" என்று பைக்கில் வந்தவர் என்னை வரச்சொல்லிப் பின்சீட்டைத் தட்டிக் காட்டினார். வேண்டாம் என்றுவிட்டு நடந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மலையும் ஏறியதில்லை.

உச்சியில் கார் இரண்டு வண்டிக்கான இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. டீனா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள்; தாரணி தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

"தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியா?" என்றேன்.

"இன்னும் எறக்கம் இருக்குல்லண்ணா." உப்புமாவை இலையில் வைத்து நீட்டினாள். "எறங்கறப்ப நீங்க பின்னாடி உக்காருங்க. தாரணி முன்னால வரட்டும்."

தாரணி அதற்குள் எழுந்துவிட்டாள்.

பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தேன். டீனா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு முதல் கியரைப் போட்டாள். தாரணி முன்னால் குனிந்து அவள் கால்கள் எதை எப்போது மிதிக்கின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஓட்டி மலை இறங்கும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது அடுத்த வளைவு மட்டும்தான். இன்று செய்ய எதுவும் இல்லாததால் ஜன்னலை இறக்கி வெளியே பார்த்தேன். கீழே வெகுதூரம் வரை சமவெளி, நடுநடுவே வெயிலில் மின்னும் ஏரிகள். டீனா திரும்பும் பக்கமெல்லாம் அவை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன.