கைப்பிடிக்குள் காற்று

தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பும் வழக்கம் மேஸ்திரிக்கு இல்லை. டைல்ஸ் ஒட்டும் தொழிலில் தலை நரைத்தவர் அவர். ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சற்றே சாய்ப்பார். 'டக்' என்றால் அடியில் பசை நிறைந்திருக்கிறது என்று பொருள். 'டொக்' என்றால் அடியில் காற்று குடியிருக்கிறது. 'டொக்' என்று சொன்ன டைலை அவர் ஒருநாளும் மன்னித்ததில்லை. அதைப் பெயர்த்தெடுத்துப் போட்ட பிறகுதான் தேநீரைத் தொடுவார். அந்த விரல் வேலையிடத்தோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. தர்பூசணி, தண்ணீர்த் தொட்டி, பேருந்தின் தகரம், விருந்துக்குப் போன வீட்டின் தரை எல்லாமே அவரிடம் தட்டு வாங்கியவை. வேலையாட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மரங்கொத்தி'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவர்தாம் தங்கையின் கணவருடைய கத்திக்குப் பிடி போட்டுத் தருவதாக வாய் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் காட்டில் வேலை. மரங்களை அளந்து குறியிடும் குழுவோடு போய் வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்குவார். விறகு பிளப்பதும் கூடாரத்துக்கு முளை சீவுவதும் அந்த ஒரே கத்தியால்தான். கத்தியை விறகின் மேல் வைத்து, அதன் முதுகில் ஒரு கட்டையால் ஓங்கி அடிப்பார். அடி தாங்காமல் பழைய பிடி விரிந்துபோயிற்று.

"கடையில குடுத்து மாத்திக்கிறேன், மச்சான்."

"கடைக்காரன் கிழிச்சான்! வீட்டுக்கு வீடு தரை போடறவனுக்கு ஒரு சாண் கத்திக்குப் பிடி போடத் தெரியாதா? குடுங்க மாப்ளே."

சமையலறை மேடையே பட்டறையாயிற்று. பழைய ஜன்னல் சட்டம் ஒன்றை அறுத்து இரண்டு பட்டைகள் எடுத்தார். கத்தியின் இரும்பு பின்புறம் வாலாக நீண்டிருந்தது. அதன் இருபுறமும் ஒவ்வொரு பட்டை உட்கார வேண்டும். வாலில் இரண்டு துளைகள் இருந்தன. பட்டைகளையும் துளைத்துப் பித்தளை ஆணியை ஊடே செலுத்தி இறுக்குவதற்கென்றே, கத்தியைச் செய்தவன் விட்ட துளைகள் அவை.

"ஆணி அடிச்சு டைல் ஒட்டினவன் எவனாவது உண்டா? பசைதான் உசுரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, துளைகளைப் பசையால் அடைத்தார். பட்டைகளை ஒட்டி, டைலை அமுக்கும் அதே வேகத்தில் கிளாம்ப் இடுக்கியை முறுக்கினார். பசை நான்கு பக்கமும் பிதுங்கி வழிந்தது. நன்றாகப் பிடித்துவிட்டது என்று அவருக்குத் திருப்தி. உள்ளே இருக்க வேண்டிய பசையே அப்படி வெளியேறுகிறது என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

பசை காய்ந்த பின் அரத்தால் ராவி விளிம்புகளை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினார். மரத்தின் ரேகைகள் மினுமினுவென்று எழுந்து வந்தன. மறுநாள் காலையில் விரலை மடக்கித் தட்டினார்.

இடப்பக்கம் 'டக்'.

வலப்பக்கம் 'டொக்'.

மறுபடி தட்டுவதற்குள் தங்கையும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள்.

"அடேயப்பா! மச்சான், கண்ணை எடுக்க முடியலையே!"

"எங்க அண்ணன் கைன்னா சும்மாவா?" என்றாள் தங்கை. "நாளைக்கு விடியக்காலை வண்டி. நேரத்துக்கு முடிச்சுக் குடுத்துட்டியே அண்ணா!"

மேஸ்திரியின் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. கத்தி உறைக்குள் போயிற்று, உறை மாப்பிள்ளையின் இடுப்புக்குப் போயிற்று.

அன்று வேலையிடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் போக இடமில்லை. விரலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே திரிந்தார். பசை என்ன, லேசுப்பட்ட பசையா? ஒரு பக்கம்தான் கெட்டியாக இருக்கிறதே! அடுத்த கணமே, ஓங்கி அடிக்கும் கட்டையும், பிடியிலிருந்து துள்ளிப் போகும் பட்டையும், வெறும் இரும்பில் வழுக்கிக் கூர்முனைப் பக்கம் ஓடும் ஒரு கையும் கண்முன் வந்தன.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தார். மனைவி தர்பூசணியை மேடையில் வைத்தாள். அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க, உடம்புக்கு முடியலையா? பழத்தைத் தட்டலையே!"

"சும்மா இரு. பசி."

"ஒரு காட்டுல ஒரு மரங்கொத்தி இருந்துச்சாம்" என்று அவள் சிரித்துக்கொண்டே தொடங்கினாள். "எல்லா மரத்தையும் தட்டித் தட்டி, இது காலி, அது காலின்னு ஊருக்கெல்லாம் சொல்லுமாம். தான் கூடு வெச்ச மரத்தை மட்டும் தட்டாதாம். ஏன்னு அணில் கேட்டுச்சாம். தட்டினா சத்தம் கேட்டுடுமேன்னு சொல்லிச்சாம்."

"இதை யார் உனக்குச் சொன்னது?"

"இப்பத்தான் நானே கட்டினேன். ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது?"

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

வேலையிடத்துக்குத் திரும்பிப் போனபோது அங்கே படுக்கையறைத் தரை முடிந்திருந்தது. "தட்டிப் பார்த்துடுங்க மேஸ்திரி" என்றான் கொத்தனார். வேறு வழியின்றி விரல் வெளியே வந்தது. மூலையில் ஒன்று 'டொக்' என்றது.

"மேஸ்திரி, இது கட்டிலுக்கு அடியில போற இடம். ஒண்ணே ஒண்ணுதானே! யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடா" என்று வழக்கமாகச் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டு, அடிபட்டவர்போல அப்படியே நின்றார். பிறகு உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"டைலைப் பெயர்க்கணுமா, வேண்டாமா?" என்று கொத்தனார் பின்னாலிருந்து கத்தினான்.

"பெயர்த்துடு! நானும் ஒண்ணைப் பெயர்க்கத்தான் போறேன்."

தங்கை வீட்டுக் கூடம் முழுவதும் மூட்டையும் முடிச்சுமாகக் கிடந்தது. மாப்பிள்ளை கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அந்தக் கத்தியைக் குடுங்க."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களா மச்சான்? மனசு வரலையா?" என்று சிரித்தபடி நீட்டினார்.

மேஸ்திரி இரண்டு பக்கமும் தட்டிக் காட்டினார். சிரிப்பு நின்றது. இடுக்கில் உளியை வைத்து ஒரே தட்டு. வலப்பட்டை தரையில் விழுந்தது. ஓரத்தில் மட்டும் நூல்போலப் பசை. நடுவில் இரும்பு பளபளவென்று வெறுமையாக இருந்தது.

தங்கை குனிந்து பட்டையை எடுத்தாள். "இது உனக்குக் காலையிலயே தெரியுமா, அண்ணா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவர் கையில குடுத்தே?"

"நீ பாராட்டினே. வாய் வரலை. தப்புதாம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து, முரண்டு பிடித்த இடப்பட்டையையும் பெயர்த்தார். இரண்டு துளைகளிலும் அடைத்திருந்த பசையைக் குத்தி எடுத்தார்.

"விடியறதுக்குள்ள புதுப் பசை காயாது மாப்ளே. கயிறு இருக்கா? கூடாரம் கட்டற மெல்லிசுக் கயிறு?"

மாப்பிள்ளை ஒரு சுருளை எடுத்துப் போட்டார். மேஸ்திரி முதல் துளையில் கயிற்றைக் கோத்து, ஒவ்வொரு சுற்றையும் விரல் சிவக்க இழுத்து, வால் முழுவதும் நெருக்கமாகச் சுற்றி, இரண்டாம் துளையில் முடிந்தார். பார்வைக்கு அது அழகாக இல்லை.

"திரும்பி வந்ததும் ஆணி போட்டே பண்ணித் தரேன். அப்ப அவசரம் இருக்காது" என்று கத்தியை நீட்டினார். "இழுத்துப் பாருங்க. என்னை நம்பாதீங்க, நீங்களே இழுத்துப் பாருங்க."

மாப்பிள்ளை இழுத்தார், முறுக்கினார், விறகின் மேல் வைத்து ஓங்கியும் அடித்தார். கயிறு அசையவில்லை. தங்கை உள்ளே போய்த் தேநீர்க் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் வைத்தாள். முகம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அவர் கோப்பையைத் தொடாமல், கத்தியை மறுபடி வாங்கி, நீட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.