தவக்காலத்துச் சூப்பு

ஜன்னலைச் சாத்தினாள். பின்கதவுக்கும் கொண்டி போட்டாள். அதற்கப்புறம்தான் அமலராணி கோழியைத் தொட்டாள். தவக்காலத்தில், கிறிஸ்தவர்களாகவே குடியிருக்கிற தாம்பரத்துத் தெருவில், கோழி வாசனை வெளியே போனால் மானம் மிஞ்சுமா? பக்கத்து வீட்டு அஞ்சம்மாளின் மூக்கு ஒன்றே போதும், ஊருக்கெல்லாம் தமுக்கடிக்க.

பம்ப் ஸ்டவ் இரைந்தது. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் காய்ந்தது. மிளகையும் சீரகத்தையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, பூண்டு நசுக்கி, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, நெஞ்செலும்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மிளகு நெடியில் மூச்சு முட்டியது. உப்பு பார்க்கவும் வழியில்லை. ஈஸ்டர் வரைக்கும் அவள் கவுச்சி தொடமாட்டாள். ருசியே தெரியாமல் இருபத்தாறு நாளாகச் சூப்பு வைக்கிறாள்.

எல்லாம் அவளே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. சாம்பல் புதனுக்கு மறுநாள் மாமனார் சவுரிமுத்து நெஞ்சுச்சளி என்று படுத்தார். ரயில்வேயில் ரிடையரான மனுஷன். மாமியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐயோ பாவம் என்று பங்குச்சாமியாரிடம் ஓடியவளும் இவள்தான். "நோயாளிக்கு விலக்கு உண்டும்மா, தாராளமா கறி குடு" என்று அவரும் சொல்லிவிட்டார்.

சளி பத்தே நாளில் போயிற்று. இருமல் போகவில்லை. அதுவும் எப்போது வரும்? அவள் கணவன் லூர்து கிண்டி ஃபேக்டரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வரும். பகலெல்லாம் மனுஷன் ரேடியோவைத் திருகிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார்.

பைபிளுக்குள் அவளுடைய வேலை உத்தரவு இருந்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கெஞ்சிக் கூத்தாடி, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை சேர்வதாகத் தள்ளி வாங்கியிருந்தாள். அதைத் தாண்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"அப்பாவுக்கு நல்லாகட்டும், அப்புறம் போ. நானா வேணாங்கறேன்?" என்பான் லூர்து, தட்டைப் பார்த்துக்கொண்டே.

கிழவர் கோழிக்காகத்தான் நடிக்கிறார் என்று அமலராணி முடிவு கட்டினாள். எழுந்து நடமாடினால் மறுநாளே கீரையும் கத்தரிக்காயும்தான், எவர்தான் குணமாவார்? ஈஸ்டர் வந்தால் ஊருக்கே கோழி. அப்புறம் எதற்குப் படுக்கவேண்டும்? காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டாள்.

ஈஸ்டரும் வந்தது. சவுரிமுத்து இரண்டு தொடையையும் ஈரலையும் ஒரு கை பார்த்தார். கை கழுவி ஏப்பம் விட்டார். நேரே போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருமினார்.

"அம்மாடி, நாளைக்குக் காலீல சூப்பு வச்சிடும்மா. நெஞ்செல்லாம் ஒரு மாதிரியா கீது."

"பாத்தியா?" என்றான் லூர்து அவளிடம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கட்டிலுக்குப் போனாள். "மாமா, கோழிதான் இன்னிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டாச்சே. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ வண்டி ஏறிப் போயிட்டா, சாயங்காலம் வரிக்கும் இந்த வூட்ல நான் யார் மூஞ்சியைப் பாத்துகினு கெடப்பேன்?" என்றார்.

கோபம் இருந்தவரைக்கும் வெளியே போக ஒரு வழி இருந்தது. பாழாய்ப்போன இரக்கம் வந்து அதையும் அடைத்துவிட்டது. சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை, லூர்து ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போனபிறகு, பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போன கையை நிறுத்தினாள். இனி யாருக்குப் பயம்? சூப்பு கொதித்ததும் முதல் தடவையாக ஒரு கரண்டி வாயில் விட்டாள். மிளகு தொண்டையில் சுள்ளென்று பிடித்து, இதமாக நெஞ்சுக்குள் இறங்கியது. அடிப்பாவி, இவ்வளவு ருசியாவா வச்சுத் தொலைச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டம்ளரைக் கட்டில் பக்கம் வைத்தாள். இஸ்திரி போட்ட சேலையையும் கைப்பையையும் அவர் பார்த்தார்.

"ரொம்பச் சூடா கீதும்மா. ஆறினப்புறம் குடிக்கிறேன். அதுவரிக்கும் இப்படிக் குந்தேன்."

மணி ஏழே முக்கால். எட்டு மணிக்குச் செங்கல்பட்டு வண்டி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆறட்டும் மாமா. மிச்சம் சட்டியில இருக்கு, சாயங்காலம் வந்து சுடவச்சுத் தரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அஞ்சம்மாள் வீட்டைத் தாண்டினாள். தெருமுனை வரைக்கும் காது பின்னாலேயே இருந்தது. ஒரே ஒரு இருமல் கேட்டிருந்தாலும் திரும்பி ஓடியிருப்பாள். அது அவருக்கும் தெரியும். அவர் இருமவில்லை.