தகேஷியின் இரும்புத் தகடு

லண்டனின் டால்ஸ்டனில் உள்ள ஒரு சின்ன இசைக்கூடத்தில் ஜெஸ்ரின் பதினோரு வருடமாகச் சவுண்ட் எஞ்சினியர். ஜப்பானிய இரைச்சல் இசைக்காரர்கள் பலர் அங்கே வந்து முழங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ராகமோ தாளமோ இல்லாத, உடம்பையே உலுக்குகிற சத்தம். அவளுக்கு அது வேலை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பிற்பகல் ஒசாகாவிலிருந்து மொரினாகா வந்தார். முப்பது வருடமாகத் தகேஷி என்ற நண்பரோடு இருவராகவே வாசித்தவர். தகேஷி போன பெப்ரவரியில் இறந்துவிட்டார். ஆனாலும் மொரினாகா இரண்டு மேசை கேட்டார். இரண்டாவதில் தகேஷி வாசித்துவந்த இரும்புத் தகட்டை வைத்து, அதில் ஒட்டியிருந்த மைக்கின் வயரைத் தானே செருகினார்.

“இதை வாசிப்பது யார்?” என்று ஜெஸ்ரின் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“யாருமில்லை. ஆனால் மைக் திறந்தே இருக்கட்டும்.”

நிகழ்ச்சி தொடங்கி இருபது நிமிடமிருக்கும். மொரினாகாவின் இரைச்சலில் அதிர்ந்த தகடு தானாகவே ஊளையிடத் தொடங்கியது. அவர் திடுக்கிட்டுத் தன் கருவியிலிருந்து கையை எடுத்தார். அவர் நிறுத்தியும் அது நிற்கவில்லை.

மேலாளர் பாஸ்கரன் ஓடிவந்து அவள் காதருகே கத்தினார். “ஃபீட்பேக் வருது ஜெஸ்ரின், கட் பண்ணுங்க! கவுன்சிலோட சத்த லிமிட்டைத் தாண்டிடும்.”

“தாண்டேல்லை. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

“அது வெறும் கோளாறுங்க!”

“எனக்கும் தெரியும். அவரின்ர முகத்தைப் பாருங்கோ. என்னால நிப்பாட்ட ஏலாது.”

பாஸ்கரன் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்.

வவுனியாவில் நடந்த தன் அண்ணனின் அடக்கத்தை ஜெஸ்ரின் இங்கே ஹரோவில் உள்ள தன் வீட்டிலிருந்து போனில்தான் பார்த்திருந்தாள். சத்தம் அறுந்து அறுந்து வந்தது. கடைசி ஜெபம் கேட்கவே இல்லை.

மொரினாகா தலை குனிந்து நான்கு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நடந்துபோய், தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சத்தம் அடங்கியது. யாரும் கைதட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஜெஸ்ரின் அவரிடம் போனாள். “தகட்டின் சத்தம் தனியாகப் பதிவாகியிருக்கிறது. தரட்டுமா?”

“வேண்டாம். அழித்துவிடுங்கள். வைத்திருந்தால் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.”

அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர் கண்முன்னாலேயே அழித்தாள். பிறகு இருவருமாகத் தகட்டைத் துணியில் சுற்றினார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பஸ் நிறுத்தம்வரை ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டு போனாள்.